ஏச்சுக் கிணறு

ஒரு புதிர் கேட்கிறேன். அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள்.

ஒருவர் தம் கிணற்றில் தண்ணீர் அள்ள வருகிறவர்களைப் பத்து வருடமாக விடாமல் ஏசுகிறார். ஆனால் அவர்கள் நுழைகிற பின்படலைக்கு ஒரு பூட்டு வாங்கிப் போடவில்லை. ஏன்?

கிண்ணியா நெல் வியாபாரி ஸெய்னுதீனைக் கேட்டால், "கஞ்சத்தனம்" என்பார். அதனால்தான் அன்று திருகோணமலைக்கு வந்தவுடன் கடையில் ஓர் ஆமைப்பூட்டு வாங்கினார்.

அவர் விலை பேசியிருந்தது துறைமுகத்தடியில் ஒரு பழைய பங்களா. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கட்டியது. முக்கால் ஏக்கர் வளவு. இப்போதைய சொந்தக்காரர் வேலையிலிருந்து இளைப்பாறிய கிளாக்கர் சிறில். மனைவி இறந்தபின் மன்னாரில் மகனோடு இருக்கப் போகிறார்.

ஸெய்னுதீனுக்கோ வீடு அவசரம். மகள் றம்ஸியா தினமும் துறை கடந்து பள்ளிக்கூடம் வருகிறாள். மாரிக் காற்றில் படகு நின்றால் படிப்பும் நின்றுவிடும்.

ஆனால் உறுதிப் பத்திரம் எழுத சிறில் மூன்று முறை தவணை சொல்லிவிட்டார். ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை அலுமாரி பூட்டிக் கிடக்கிறது, திறப்பைக் காணவில்லை, ஒருமுறை நாள் சரியில்லை.

'மனிசன் கூடின விலைக்கு ஆள் தேடுது' என்று ஸெய்னுதீன் பல்லைக் கடித்தார்.

றம்ஸியாவோடு அவர் வளவுக்குள் வந்தபோது, விறாந்தையில் நின்று சிறில் கத்திக்கொண்டிருந்தார்.

"ஆரைக் கேட்டு வந்தனீ? இது என்ர காணி! வெளியில போ!"

"போறன் ஐயா, குடம் நிரம்பட்டும்," என்றாள் கிணற்றடியில் நின்ற புஸ்பராணி. "உங்கட ஏச்சு விழாட்டி இந்தத் தண்ணி இனிக்காது!"

வளவுக்குப் பின்னால் ஒழுங்கைச் சந்தில் இருபது வீடு. அங்கே தோண்டிய கிணறெல்லாம் உப்பு.

றம்ஸியா பின்படலையடிக்கு ஓடினாள். படலையை ஒட்டிய மதிலில், அந்தக் காலத்தில் குதிரை கட்டிய இரும்பு வளையம் ஒன்று இருந்தது. அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இனி நீங்க தொண்டை நோகத் தேவையில்ல, சிறில் ஐயா," என்று ஸெய்னுதீன் பூட்டை மேசையில் வைத்தார். "பின்படலைக்கு."

சிறிலின் முகம் வெளுத்தது. "இப்ப எதுக்கு?"

"உறுதி எழுதுற பிரக்கிராசியார் சட்டம் சொன்னார். கேக்காமலே ஒரு வழியால பத்து வருசம் போய்வந்தா அது அவங்கட உரிமையாப் போயிருமாம். நீங்க வளவு வாங்கி ஏசத் தொடங்கினது எப்ப?"

"ஐம்பத்தெட்டு... யூலை பத்து."

"இண்டைக்கு அறுபத்தெட்டு யூலை ஒன்பது! நாளையோட பத்து வருசம். இண்டைக்கு ஒரு நாள் பூட்டினாப் போதும், எல்லாம் முறிஞ்சிரும்."

"முதலாளி, நாளைக்குப் பின்னேரம் உறுதி எழுதுவம். கட்டாயம் எழுதுவம்."

"ஏன் நாளைக்கு?"

சிறில் மேசையிலிருந்த பூட்டைத் தன் பக்கம் நகர்த்தினார். ஸெய்னுதீன் எழுந்த வேகத்தில் கதிரை சரிந்தது.

"உங்களுக்கு இது முதலே தெரியும்!"

"தெரியும்," என்றார் சிறில்.

"அப்ப ஏன் ஏசினீங்க? வந்து அள்ளுங்க எண்டு விட்டிருக்கலாமே!"

"விட்டா அது நான் குடுத்த அனுமதி. நான் போனா அதுவும் போயிடும். நான் வேண்டாமெண்டு ஏச ஏச அவை வந்தாத்தான் உரிமை. சாட்சி வேணுமெண்டு தெருவுக்கே கேக்க ஏசினனான்." அவர் கிணற்றுப் பக்கம் திரும்பினார். "குடத்தோட வந்த பொம்பிளையளைப் பத்து வருசம் ஏசினனான், முதலாளி."

"அப்ப என்னை ஏமாத்தப் பாத்தீங்க!"

"ஓம். அதுதான் நீங்கள் கேட்ட விலைக்கே தந்தனான்."

ஸெய்னுதீன் மேசையில் அறைந்தார். பின்வளவில் நெல்லுக்குக் களஞ்சியம் கட்ட நிலம் பார்த்து வைத்திருந்தார்.

"இண்டைக்கே பூட்டு விழோணும். மறிச்சீங்க எண்டா, நீங்க வேணுமெண்டுதான் வரவிட்டீங்க எண்டு கோட்டில வழக்குப் போட்டுச் சொல்லுவன். அப்ப அது அனுமதியாப் போயிரும். பத்து வருச ஏச்சும் வீண்!"

சிறில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மகள், இந்தா. போய்ப் படலையைப் பூட்டிட்டு வா."

றம்ஸியா பூட்டை வாங்கினாள். "வாப்பா, எங்கட கிணறும் உப்புத்தானே? உம்மா அடுத்த வளவிலதானே தண்ணி அள்ளுற?"

"அது வேற கதை. போ!"

அவள் போனாள். நீண்ட வளவு. சற்று நேரத்தில் இரும்போடு இரும்பு மோதும் சத்தமும், பிறகு 'டக்' என்று பூட்டு விழுந்த சத்தமும் கேட்டன. சிறில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

றம்ஸியா வெறுங்கையோடு வந்தாள்.

"பூட்டிட்டியா?"

"ஓம் வாப்பா. இழுத்தும் பாத்த."

"திறப்பு எங்க?"

அவள் கிணற்றைக் காட்டினாள்.

இருவரும் பின்வளவுக்கு விரைந்தார்கள்.

றம்ஸியா படலையை விரியத் திறந்து, மதில் வளையத்தோடு சேர்த்துப் பூட்டியிருந்தாள்.