மொட்டை மாடி ஆப்பிள்

"வாளியைத் தூக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?"

"மரத்துக்கு."

ரிட்டையர்டு ஓவர்சியருக்கு ஒரு வார்த்தையே அதிகம். அந்த வீட்டில் பேசுவதெல்லாம் அவர் மனைவி டீச்சரின் டிபார்ட்மென்ட்.

"படி ஏறாதீங்க, முட்டி தேஞ்சு கிடக்குன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். உச்சி வெயில்ல ஒரு மனுஷன் ஆப்பிள் மரத்துக்குத் தண்ணி சுமந்துட்டு மாடி ஏறினா, பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"வேர் சூடாகக் கூடாதும்மா."

ஆப்பிள். ரோட்டுத் தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற ஊரில், மொட்டை மாடியில், நீல டிரம்மில், ஆப்பிள். கோடை தொடங்கிக் கொஞ்ச நாளில் எங்கிருந்தோ வாங்கி வந்து இறக்கினார். அன்றைக்குப் பிடித்தது டீச்சருக்குத் தலைவலி.

டிரம்முக்கு மேலே பந்தல் மாதிரி பச்சை வலை கட்டினார். சுற்றிலும் தரை தெரியாமல் கோணிச்சாக்கு விரித்தார். மத்தியானம் ஆனால் போதும், சாக்கை நனைக்க வாளி வாளியாகத் தண்ணீர் போகும்.

"ஒத்தை மரத்துக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய வலை?"

"நிழல் பத்தணும்ல."

போன வாரம் இன்னும் மோசம். மரத்தில் இருந்த இலையையெல்லாம் ஒன்றுவிடாமல் கையால் உருவிப் போட்டுவிட்டார்.

"நல்லா இருந்ததை ஏன் மொட்டையடிச்சீங்க?"

"இலை கொட்டினாத்தான் குளிர்காலம் வந்துட்டுப் போயிடுச்சுன்னு அது நினைச்சுக்கும். அப்புறம்தான் பூக்கும்."

"கடைசியில மரத்தையும் ஏமாத்த ஆரம்பிச்சாச்சா? குளிர் ஊர்ல இருக்க வேண்டியதைக் கொண்டாந்து இந்த வெயில்ல போட்டு வதைக்கிறீங்களே, பாவமா இல்ல?"

ஓவர்சியர் நிமிர்ந்து பார்த்தார்.

"பாவம்தான்" என்றார். வாளியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

"விடுங்க அத்தை. மாமா ஆசையா வளர்க்கிறாங்க" என்றாள் மருமகள்.

அவள் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடித்துக் காலையில் வந்து, பகலில் மாடி ரூமில் படுப்பாள். மகன் கப்பலில் வேலை என்று போய்விட்டான். மலை மேலே ஏதோ ஓர் ஊரில் பிறந்து வளர்ந்த பெண். கல்யாணமாகி வந்த புதிதில், "பகல்ல கண்ணை மூட முடியலை அத்தை, ரூமுக்கு ஒரு ஏசி போட்டுக்கட்டுமா? நானே வாங்கிக்கறேன்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏசியெல்லாம் உடம்பைக் கெடுத்துடும்மா. நாங்கெல்லாம் இதே வெயில்லதான் குப்பை கொட்டினோம். நாலு நாள்ல பழகிடும்" என்றார் டீச்சர்.

டீச்சர் சொன்னால் சொன்னதுதான். அந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

பழகியும்விட்டது. "பாத்தீங்களா? கண்ணு சிவந்து நின்ன பொண்ணு இப்ப எப்படி அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குறா. நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்று கணவரிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். அதற்கும் அவர் "ம்" என்றதோடு சரி.

இந்த நிலையில்தான் ஓவர்சியர் வெளியூரில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தங்கவேண்டி வந்தது. டீச்சர் காத்திருந்தது இதற்குத்தான்.

அடுத்த தெருவில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரையும் அவருடைய ஆட்களையும் கூப்பிட்டு, டிரம்மை மரத்தோடு கீழே இறக்கி வாசல் கேட் ஓரமாக வைக்கச் சொன்னார். வலையையும் சாக்கையும் சுருட்டி ஸ்டோர் ரூமில் போட்டார். ராத்திரியில் அந்த மனுஷன் முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகுவதைக் கேட்பது டீச்சர் ஒருத்திதானே. இனிமேல் படியே ஏற வேண்டாம். வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து மரத்தைக் கொஞ்சிக்கொள்ளட்டும்.

வாசலில் நிழலும் இல்லை, நனைந்த சாக்கும் இல்லை. ஆனால் நல்ல வெயிலில் நின்ற அந்த மொட்டை மரம் ஒரு வாரத்தில் கிளையெல்லாம் ரோஸ் நிறத்தில் மொட்டு விட்டது. டீச்சருக்கே ஆச்சரியம் தாங்கவில்லை. வெயில் ஆகாது ஆகாது என்று இத்தனை நாளாய் இந்த மனுஷன் பண்ணின கூத்தெல்லாம் வீண்தானே?

மருமகள்தான் ஒரு மாதிரியாக இருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்னம்மா, டியூட்டி ஜாஸ்தியா?"

"இல்ல அத்தை. சும்மாதான்."

ஓவர்சியர் ஒரு மத்தியானம் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். அவர் முகத்தைப் பார்ப்பதற்காகவே டீச்சர் கேட்டருகில் நின்றார்.

"பாருங்க. உங்க ஆப்பிள் மொட்டு விட்டிருக்கு."

அவர் மரத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. மாடியைத்தான் அண்ணாந்து பார்த்தார்.

"வலை எங்க?"

"ஸ்டோர் ரூம்ல கிடக்கு. இனிமே அது எதுக்கு?"

பையை அப்படியே வாசலில் வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். அரை மணி நேரம் கழித்து மாடிப்படியில் வாளி இடிக்கும் சத்தம் கேட்டது.

டீச்சருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. பின்னாலேயே மூச்சு வாங்க ஏறிப் போய்ப் பார்த்தார். டிரம் இருந்த இடத்துக்கு மேலே மறுபடியும் பச்சை வலை. தரை முழுக்கக் கோணிச்சாக்கு. ஒரு கையால் முட்டியைப் பிடித்தபடி, குனிந்து, சத்தமில்லாமல் சாக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? மரம் கீழ வாசல்ல நிக்குது. வெறும் தரைக்கு யாராவது பந்தல் போட்டுத் தண்ணி ஊத்துவாங்களா?"

ஓவர்சியர் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா பேசும்மா. இதுக்கு நேர் கீழ, மாடி ரூம்ல நம்ம குளிர் ஊர்ப் பொண்ணு தூங்க வேண்டாமா?"