பதினெட்டாவது நிமிடம்

லீவரைப் பலம்கொண்ட மட்டும் பின்னுக்கு இழுத்தாள்.

படகு குலுங்கி, மூக்கைத் தண்ணீரில் அமிழ்த்தித் திணறியது. சோதனை ஓட்டத்துக்கு நேரம் குறிக்க வந்த அதிகாரியின் தேநீர் அவர் சட்டையில் குடியேறியது. பயணிகளுக்குப் பதிலாகப் பெஞ்சுகளில் ஏற்றியிருந்த நாற்பது மணல் மூட்டைகள் மட்டும்தான் முகம் சுளிக்கவில்லை.

வேகம் செத்ததும் மோட்டாரை அணைத்தாள். சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“என்னம்மா, பேட்டரி படுத்துடுச்சா?” என்றார் முதலாளி.

கழிமுகத்தில் ஓடும் ஏழு டீசல் படகுகளும் அவருடையவை. வேடிக்கை பார்க்கத்தான் ஏறியிருந்தார். காலையிலிருந்து இப்போதுதான் சிரிக்கிறார்.

படகோட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இருபது அடி முன்னால் ஒரு மஞ்சள் டப் மிதந்துகொண்டிருந்தது. அதில் பாதியளவு மட்டிச் சிப்பி. பக்கத்தில் தலை இல்லை.

ஆள் கீழே இருக்கிறாள்.

மட்டி எடுக்கும் பெண்கள் டப்பின் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் மூழ்குவார்கள். மூச்சு முட்டினாலும் முதலில் காது கொடுத்துக் கேட்பார்கள். எஞ்சின் சத்தம் கேட்டால் அடியிலேயே ஒதுங்குவார்கள். கேட்கவில்லை என்றால் நேரே மேலே.

இந்தப் பேட்டரி படகுக்குச் சத்தமே கிடையாது.

அதனால்தான் நேற்று இருபத்தொன்பது வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தாள். நாளைக்குக் காலையில் சோதனை ஓட்டம், முடியும்வரை யாரும் தண்ணீரில் இறங்காதீர்கள் என்று. எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

காலடியில் தயாராகக் கிடந்த ஸ்பேனரை எடுத்தாள். படகின் விளிம்பில் எக்கிப் படுத்து, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கையை விட்டு, அடியில் இருப்பவளுக்குக் கேட்கும்படி படகின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினாள்.

டங். டங். டங்.

“ஏம்மா, பதினெட்டாவது நிமிஷம் ஓடுது” என்றார் அதிகாரி, கைக்குட்டையால் சட்டையைத் துடைத்தபடி. “இருபதுக்குள்ள அக்கரையைத் தொடணும். ஞாபகம் இருக்குல்ல?”

இல்லாமலா? மூன்று வருடமாக அவள் மனப்பாடம் செய்தது அதைத்தானே.

இருபது நிமிடத்தில் தொட்டால் இந்தப் படகுத்துறைக்கு ஐந்து பேட்டரி படகுகள். தொடாவிட்டால் டீசலே தொடரும். தண்ணீர் மேல் வானவில் மாதிரி மினுக்கும் எண்ணெய்ப் படலமும் தொடரும். மட்டியை மோந்து பார்த்துவிட்டுக் கூடையோடு திருப்பி அனுப்புகிறார்கள் வியாபாரிகள். மூழ்கி எழும் பெண்களுக்கு முழங்கைவரை தோல் உரிகிறது.

அக்கரைப் படிக்கட்டு கண்ணெதிரே இருந்தது. படியில் உட்கார்ந்திருந்த நாயின் நிறம்கூடத் தெரிந்தது. சாவியைப் போட்டால் ஒரு நிமிடம்.

டங். டங். டங்.

“சத்தமில்லாத எமன் சார் இது” முதலாளி அதிகாரியின் காதில் ஓதினார். ஓதியது படகு முழுக்கக் கேட்டது. “என் படகா இருந்தா அரை மைல் முன்னாடியே சத்தம் கேட்டு அவளே ஒதுங்கியிருப்பா.”

அவள் கை ஒரு கணம் நின்றது. மறுபடி தட்டியது. முன்னைவிட ஓங்கி.

“சாவியை என்கிட்ட குடும்மா. நான் ஓரமா ஒதுக்கி ஓட்டிக் காட்டுறேன்” என்று முதலாளி கையை நீட்டினார்.

“கிட்ட வந்தீங்கன்னா இந்த ஸ்பேனர் வேற எங்கயாவது தட்டும்.”

முதலாளியின் கை சட்டைப் பைக்குள் போய்விட்டது.

பத்தொன்பது.

மஞ்சள் டப் லேசாக ஆடியது. நின்றது. நீர்க்குமிழிகள் வந்தன. பிறகு அவையும் இல்லை.

அவள் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டாள்.

இருபது.

அதிகாரி கடிகாரத்தின் பொத்தானை அமுக்கினார். “விதி விதிதாம்மா. மறுபடி விண்ணப்பம் போடு. ஆறு மாசம் ஆகும்.”

“போடுறேன் சார். படகுல மணி ஒண்ணு கட்டணும்னும் சேர்த்தே போடுறேன்.” தட்டுவதை நிறுத்தவில்லை. “அதுக்கும் முடியாதுன்னா, இன்னொரு ஆறு மாசம் கழிச்சு இன்னொண்ணு.”

தண்ணீர் உடைந்தது.

டப்புக்கு அந்தப் பக்கம், தட்டும் சத்தத்துக்கு எதிர்த்திசையில், ஒரு தலை. நரைத்த முடியும் பாசியும் முகத்தை மூடியிருந்தன. இருமினாள், துப்பினாள். இடது கையை எட்டி டப்பின் விளிம்பைப் பற்றினாள்.

அந்தக் கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் இருந்தன.

முதலாளி சட்டென்று அக்கரை நாயைப் பார்க்கத் தொடங்கினார்.

“எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொன்னியாமே” என்றாள் தண்ணீரில் இருந்தவள், மூச்சு இரைக்க. “கூடப் பொறந்தவ வீட்டுக்கு மட்டும் வழி தெரியலையாடி?”

படகோட்டி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். முப்பதாவது வீடு அது. எட்டு வருடமாக அவள் ஏறாத வாசல்.

எட்டு வருடத்துக்கு முன் இதே இடத்தில், ஒரு டீசல் படகு சத்தமில்லாமல் வந்தது. துறை நெருங்கினால் எஞ்சினை அணைத்துவிட்டு மிதந்தே போக வேண்டும், டீசல் மிச்சமாகும் என்பது முதலாளியின் உத்தரவு. சத்தம் ஓய்ந்ததால் படகு போய்விட்டதென்று நம்பி அக்கா மேலே வந்தாள்.

படகைத் துறைக்குத் திருப்ப, மறுபடி சாவியைப் போட்டது தங்கை.