பாலம் முடியட்டும்

"இன்ஜினியர் லைசென்ஸ் பரீட்சைக்கு எப்போ படிக்க ஆரம்பிக்கலாம்?" என்று மாரிட் கேட்டதும் அவளுடைய மேலதிகாரி ராண்டலுக்குச் சுர்ரென்று ஏறியது. பனி கொட்டும் டுலூத் நகரில் பாலம் கட்டக் கிடைப்பதே இந்தக் கோடை ஒன்றுதான்.

"பாலம் முடியட்டும். பனிக்காலத்துல உக்காந்து படி."

"பனிக்காலத்துல கேட்டா கோடைன்னீங்க. அதுக்கு முந்தி, குழந்தை வளரட்டும்னீங்க. என் குழந்தையைப் பத்தி உங்களுக்கு என்ன கவலை?"

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். லைசென்ஸ் இல்லாம என்ன குறைஞ்சு போச்சு? நீ வரையற, நான் முத்திரை குத்தறேன். இதுவரை கட்டின பாலமெல்லாம் நிக்குதா இல்லையா?"

"என் கணக்குல நிக்குது. உங்க பேருல நிக்குது."

வாய்க்கொழுப்பு என்று நினைத்துக்கொண்டே ராண்டல் இழுப்பறையிலிருந்து, லைசென்ஸ் உள்ளவர் மட்டுமே குத்தக்கூடிய தன் முத்திரையை எடுத்தார். மதியத்துக்குள் வரைபடம் போயாக வேண்டும். வழக்கமாகக் குத்துகிற வலது மூலைக்குக் கையைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

அங்கே மை காயாத முத்திரை ஒன்று இருந்தது. மாரிட் ஹாகன், லைசென்ஸ் பெற்ற இன்ஜினியர்.

"பரீட்சை எழுதி, போன மாசமே லைசென்ஸ் வந்துடுச்சு," என்றாள் அவள். "இந்தத் தடவையாவது 'இன்னிக்கே ஆரம்பி'ன்னு உங்க வாயால வருதான்னு பார்க்கத்தான் கேட்டேன். உங்களுதை உள்ள வைங்க."