முப்பதா, முப்பத்தாறா?

"இந்த ராம் மெமரி சுத்தக் குப்பை. மாத்திக் குடுங்க."

போன வாரம் நான் பாகங்களைப் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டரையே தூக்கி வந்து கடை மேஜையில் வைத்தார் அந்த வாடிக்கையாளர்.

"வேகம் ஆறாயிரம் சார். இந்த ப்ராசசருக்கு அதான் பொருத்தம்."

"வேகத்தை யார் கேட்டா? டைமிங் முப்பத்தாறு. கேம்ல குறி வைக்கறப்போ இழுக்குது. எனக்கு முப்பது வேணும். நம்பர் குறைஞ்சாதான் ராம் சட்டுனு பதில் சொல்லும், தெரியாதா?"

"தெரியும் சார். 'டைமிங் புலி'ன்னு ஒருத்தர் இணையத்துல எழுதறாரு. அவரை நம்பித்தான் என் வீட்டுக்கே முப்பது வாங்கினேன்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்புறமென்ன, போய் மாட்டுங்க."

இந்த மாதிரி அலட்டல் பேர்வழிகளைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. உள்ளே போய் அதே ராமைக் கழற்றினேன், துடைத்தேன், அதே இடத்தில் மாட்டினேன். ஆள் குட்டு உடையட்டும், பிறகு உண்மையைச் சொல்லலாம் என்று கொண்டுவந்து வைத்தேன்.

ஐந்து நிமிடம் விளையாடினார். "பாத்தீங்களா! இப்ப எப்படி வழுக்கிட்டுப் போகுது!"

த்தூ! காறித் துப்பலாம் போலிருந்தது. சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

"இருங்க, சூட்டோட சூடா எழுதிடறேன்" என்று அங்கேயே தட்ட ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன்.

'முப்பதுக்கும் முப்பத்தாறுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இன்று என் விரலாலேயே உணர்ந்தேன்.'

அதன் கீழே எழுதியவர் பெயர்: டைமிங் புலி.