இடது பக்கத்துச் சீட்டு

வேனின் இடது பக்கத்துச் சீட்டைக் கழற்றிவிட்டால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்று மெக்கானிக் பேச்சிமுத்து முதல் வாரமே சொல்லிப் பார்த்தான்.

சூரியபிரகாஷ் சார் சம்மதிக்கவில்லை.

அது பழைய மெட்டடோர் வேன். பின்பக்கம் கட்டில், கேஸ் அடுப்பு, சின்ன அலமாரி என்று சாரே அதை ஒரு வீடாக மாற்றியிருந்தார். எஞ்சின்தான் சரியில்லை. அழகர்கோவில் மலை ஏறுவதற்கே மூச்சு வாங்கியது. அதை இறக்கிவிட்டு இந்தக் காலத்து டர்போ டீசல் எஞ்சின் ஒன்றை மாட்டித் தர வேண்டும். கல்லூரி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிவிட்டார். காஷ்மீர் வரை போவதாகத் திட்டம்.

புது எஞ்சின் பழையதைவிட ஒரு சாண் நீளம். அந்த வேனில் எஞ்சின் இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவில்தான் உட்காரும். அதில் நெருப்பாகக் கொதிக்கிற டர்போ சரியாக இடது பக்கம், கால் வைக்கிற இடத்தில் வந்து நின்றது.

"அந்தச் சீட்டுல மட்டும் கைவைக்காதீங்க பேச்சிமுத்து. அவங்க முன்னாடிதான் உக்காரணும். மலை, ஆறு எல்லாம் பாத்துக்கிட்டே வரணும்னு அவங்களுக்கு ரொம்ப ஆசை."

அவங்க.

பொண்டாட்டியை ஒருவர் இத்தனை மரியாதையாகச் சொல்லி பேச்சிமுத்து கேட்டதில்லை. திருப்பரங்குன்றம் ரோட்டில் அவன் பட்டறைக்கு வருகிற யாரும் அப்படிப் பேசியதில்லை. அவனும் பேசியதில்லை.

வீட்டில் தங்கப்பொண்ணிடம் சொன்னான். "கட்டுனவள எப்படி வச்சிருக்காரு பாரு."

"பாத்தா மட்டும் போதுமா?" என்றாள் அவள்.

அதற்காகவே அந்த வேலையில் மெனக்கெட்டான். எஞ்சின் தாங்கிகளை மூன்று முறை அறுத்து மறுபடி வெல்டிங் வைத்தான். எஞ்சினை நான்கு விரற்கடை பின்னுக்குத் தள்ளினான். டர்போ குழாயை வளைத்துக் கீழே இறக்கினான். உட்காருகிறவர் காலில் சூடு படாமலிருக்க இரட்டைத் தகடு அடித்து, நடுவில் வெப்பம் தாங்கும் பஞ்சு வைத்தான். பன்னிரண்டு நாள் வேலை இரண்டு மாதம் இழுத்தது. கடைசியில், சார் கேட்காமலே, கால் வைத்துக்கொள்ள ஒரு சின்னப் பலகையும் செய்து பொருத்தினான்.

பலகை பொருத்திய மறுநாள் மதியம் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"நான் கனகலட்சுமி. சூரியபிரகாஷ் சார் வீட்டம்மா."

பேச்சிமுத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எழுந்தான். "வாங்கக்கா! சார் ஜன்னல் துணி எடுக்க டவுனுக்குப் போயிருக்காரே."

"தெரியும். அதான் வந்தேன்."

அவன் இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டான். "ஏறி உக்காந்து பாருங்கக்கா. பலகைக்குக் கால் எட்டுதான்னு சொல்லுங்க. நான் எம்புட்டோ சொல்லியும் சார் இந்தச் சீட்ட விட்டே குடுக்கல. எல்லாம் உங்களுக்காகத்தான்."

அவள் ஏறவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்காகன்னா சொன்னாரு?"

பேச்சிமுத்து யோசித்தான். அப்படிச் சொன்னதாக ஞாபகமில்லை.

"எனக்கு வண்டி ஒத்துக்காது தம்பி. கல்யாணமாகி மறுவீட்டுக்குப் போறப்பவே கார்ல வாந்தி எடுத்துட்டேன். இனிமே எங்க போனாலும் ரயில்ல வந்துக்கோன்னு அன்னிக்கே சொல்லிட்டாரு. இருபத்தேழு வருசமாச்சு. அதுக்கப்புறம் அவரு ஓட்டுற எந்த வண்டியிலயும் நான் ஏறுனதில்ல."

பக்கத்துப் பஞ்சர் கடையில் கம்ப்ரஸர் ஓடி நின்றது.

பேச்சிமுத்து கதவைப் பிடித்தபடியே நின்றான். சாத்துவதா, திறந்தே வைத்திருப்பதா என்று தெரியவில்லை.

"நீங்க சங்கடப்படாதீங்க. சீட்டு யாருக்குன்னு எனக்குத் தெரியும். அவருகூடக் காலேஜ்ல வேலை பாத்தவங்கதான்."

இரண்டு மாத வேலை. தகடு, பஞ்சு, பலகை. ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க அவனுக்குக் கூசியது. தானும் சேர்ந்து இந்த அம்மாவை ஏமாற்றியது போல இருந்தது. குனிந்து ஸ்பேனரை எடுத்தான்.

"கழட்டிர்றேன்க்கா. சீட்டு நிக்காது, சூடு தாங்கலன்னு சொல்லிக்கிறேன். நான் சொன்னா சார் நம்புவாரு."

"சீட்டு இல்லன்னா போகாம இருந்துருவாரா?"

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். வார் முதல் முறை கையிலிருந்து நழுவியது. இரண்டாவது முறைதான் பூட்ட முடிந்தது. ஸ்கூட்டியைக் கிளப்பியவள் கொஞ்சம் தள்ளிப் போய் நிறுத்தினாள்.

"எஞ்சின் நல்ல எஞ்சின்தானே?"

"நல்ல எஞ்சின்க்கா."

"வழியில எங்கயும் நின்னுறாமப் பாத்துக்கங்க தம்பி. நின்னா எனக்குத்தான் போன் பண்ணுவாரு."