சமம்னா சமம்

"எளநிய நீயே வெட்டிக் குடு பொன்னி. பொம்பளை கையால குடுத்தா வர்ற மேடத்துக்கு மனசு குளிர்ந்துடும்."

மேனேஜர் கலியமூர்த்தி சொன்னதும் பொன்னி மறுபேச்சுப் பேசாமல் அரிவாளை எடுத்துக்கொண்டாள். மரக்காணம் உப்பளத்தில் பதினோரு வருஷமாக உப்பு சுமக்கிறவள், இப்படிப் பணிந்து போய் அவர் பார்த்ததே இல்லை. மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

உப்பு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அந்த 2005-இல் புதிதாக ஒரு கண்டிஷன் போட்டிருந்தது. வேலை செய்யும் இடத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வாய்ப்பு, சம வசதி இருந்தால்தான் ஆர்டர். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடத்தான் சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போகிற வழியில் சங்கீதா மேடம் வருகிறார்.

போன மாதம் வரை கலியமூர்த்தியின் சமத்துவமே வேறு.

"ஒதுங்கறதுக்கு ஒரு மறைப்பு இல்லீங்க சார். எந்தப் பக்கம் பார்த்தாலும் பாத்தியும் வரப்பும்தான். இதுக்குப் பயந்தே பொம்பளைங்க யாரும் சாயந்திரம் வரைக்கும் தண்ணி குடிக்கறதில்ல. எனக்கு ரெண்டு தரம் கல்லடைப்பு வந்துடுச்சி" என்று பொன்னி வந்து நின்றபோது அவர் நியாயம் பேசினார்.

"ஆம்பளைங்க யாராவது கேட்டாங்களா? இல்லையில்ல? பொம்பளைங்களுக்கு மட்டும் தனியா கட்டுனா அதுதாம்மா பாரபட்சம். சமம்னா சமம்!"

கண்டிஷன் வந்ததும் அரை மணி நேரத்தில் வசதி செய்து முடித்தார். சாக்கு அடுக்கும் அறையின் கதவில் 'பெண்கள்' என்று பெயிண்டால் எழுதி, பெரிய பூட்டாகப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே கூரை வரைக்கும் சாக்கு மூட்டைகள் அப்படியே இருந்தன.

"மேடம் கேட்டா இருக்குதுன்னு சொல்லணும். மாத்திச் சொன்னா நாளைலேருந்து வேலைக்கு வராத." இதைப் பொன்னியிடம் மூன்று தடவை சொல்லியிருந்தார். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அந்தக் கூலியில்தான் சாப்பிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

பத்து மணிக்கு மேடம் காரைவிட்டு இறங்கினார். சித்திரை வெயில் உப்பில் பட்டு முகத்தில் அறைந்தது. பொன்னி முதல் இளநீரை நீட்டினாள். வரப்பில் ஒரு சுற்று நடந்து வந்ததும் இரண்டாவது. ஆபீசில் உட்கார்ந்து ரெஜிஸ்டரைப் புரட்டும்போது மூன்றாவது.

"போதும்மா, வயிறு நெறஞ்சிடுச்சி."

"வெயிலு ஆளையே சாய்ச்சிடும் மேடம். இந்த ஒரு சொம்பு மோரையும் குடிச்சிடுங்க."

"நீ எதுவும் குடிக்கலயா?"

"எனக்கு வேணாங்க." அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"பார்த்தீங்களா மேடம், எங்க லேபருங்க எப்படிக் கவனிக்கறாங்கன்னு!" என்று கலியமூர்த்தி பூரித்துப் போனார்.

மேடம் ஜன்னல் வழியாகப் பூட்டிய கதவைக் காட்டினார். "லேடீஸ் டாய்லெட் யூஸ்ல இருக்குதாம்மா?"

பொன்னி மேனேஜரைப் பார்த்தாள். பொய் சொல்வதுகூடப் பெரிதில்லை, அதை அந்த மனிதருக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றிருந்தது.

"இருக்குதுங்க மேடம். ரொம்ப சுத்தமா வச்சிருக்கோம். அழுக்காயிடக் கூடாதுன்னு சாவிய சாரே வச்சிருக்காரு."

கலியமூர்த்திக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த மாதம் கூலி ஏற்றித் தருவதைப் பற்றிக்கூட ஒரு கணம் யோசித்து, உடனே விட்டுவிட்டார்.

மேடம் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கலியமூர்த்தி பேனாவைத் திறந்து பவ்யமாக நீட்டினார். வாங்கிக்கொண்ட மேடம் கையெழுத்துப் போடவில்லை. நாற்காலியில் இப்படியும் அப்படியும் நெளிந்தார். சட்டென்று எழுந்துவிட்டார்.

"கையெழுத்து வந்து போடறேன் சார். மொதல்ல அந்தச் சாவியக் குடுங்க. ரொம்ப அர்ஜென்ட்."

கலியமூர்த்தியின் கை சட்டைப் பைக்குப் போய், போன இடத்திலேயே நின்றது. வாசலில் பொன்னி தலை குனிந்தபடி இன்னொரு இளநீரைச் சீவிக்கொண்டிருந்தாள்.

அவர் குழைந்தார்.

"மேடம்... பாண்டிச்சேரி போற வரைக்கும் கொஞ்சம் அடக்கிக்க முடியுங்களா?"