செமினார்னா லீவு

"'உங்க பொண்ணு எப்பப் பார்த்தாலும் போனும் கையுமா இருக்கா. செமினார்னா மட்டும் லீவு போட்டுடுறா. இப்படியே போனா இன்டர்னல் மார்க் தேறாது.' உங்க மேடம் போன்ல சொன்னதை அப்படியே சொல்லிட்டேன். இப்ப நீ பதில் சொல்லு!"

இடுப்பில் கை வைத்து நின்றாள் அனுசுயா. பெரம்பலூர் காலேஜிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய பிரவீணா இன்னும் தோள்பையைக்கூடக் கழற்றவில்லை.

"நாளைக்குக் கடைசி செமினார்மா. நான் போகல."

"போகாம? வூட்ல உக்காந்து ரீல்ஸ் பாக்கப் போறியா?"

"அவளை முதல்ல சாப்பிட விடு" என்றார் அவள் அப்பா ராஜதுரை.

"நீங்க சும்மா இருங்க. கேட்ட உடனே போன் வாங்கிக் கொடுத்த வள்ளல் நீங்கதானே! நான் திருச்சி கான்வென்ட்ல படிச்சப்ப மேடை ஏறினா இங்கிலீஷ்ல பொளந்து கட்டுவேன். என் வயித்துல பொறந்தது செமினாருக்கு நடுங்குது. எல்லாம் இதால வந்தது. கொண்டா!"

போனைப் பறித்தாள். பிரவீணா தலையைக் குனிந்தபடி விரல் வைத்துத் திறந்து கொடுத்தாள்.

இன்ஸ்டாகிராமே அதில் இல்லை. வாட்ஸப்பைத் திறந்தாள். கூடப் படிக்கும் ஒவ்வொருவர் பேருக்குக் கீழேயும் பிரவீணா அனுப்பிய ஒரே வரி.

"ப்ளீஸ், அந்த வீடியோவை அழிச்சிடுங்க."

சிலர் பதிலுக்குச் சிரிக்கிற பொம்மை அனுப்பியிருந்தார்கள். மற்றவர்களிடமிருந்து அதுகூட இல்லை.

அனுசுயா ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

"என்னடி வீடியோ இது?"

"நீ நினைக்கிற மாதிரி இல்லம்மா. நான் இங்கிலீஷ்ல செமினார் பேசிப் பாக்குறது. அதை வெட்டி ரிங்டோனா வச்சுக்கிட்டாங்க. நான் பேச எந்திரிச்சாலே கிளாஸ்ல ஒவ்வொரு போனா சத்தம் வருது. எல்லாரும் குனிஞ்சு சிரிக்கிறாங்க. எனக்கு வாயே தொறக்க மாட்டேங்குது."

"எந்த நாயி எடுத்தது? பேரைச் சொல்லு!"

"வேணாம்மா. விட்டுடு."

"விடுறதா? நாளைக்கே பிரின்சிபால் ரூம்ல அப்பன் ஆத்தாளோட நிக்க வைக்கிறேன். ஒரு பொண்ணு திக்கித் திணறுறதைப் படம் புடிச்சு ஊருக்குக் காட்டுவாங்களா? இதெல்லாம் ஒரு பொழப்பா! பெத்தவங்க வளர்த்த லட்சணம் அப்படி!"

"அம்மா, அதைப் பாக்காத."

கிளாஸ் குரூப்பில் அது இருந்தது. அனுசுயா தட்டினாள்.

நைட்டியோடு பீரோ கண்ணாடி முன் நிற்கிறாள் பிரவீணா. ஒரு வாக்கியம் பாதியில் உடைகிறது. மறுபடி ஆரம்பிக்கிறாள். மறுபடி உடைகிறது. படம் எடுப்பவளின் சிரிப்பு கலகலவென்று கேட்கிறது.

"அய்யய்யோ, இதுக்குப் பேரு இங்கிலீஷாடி? இந்தக் கொடுமையைக் கேளுங்க மக்களே!"

வீடியோ முடிந்தது. ராஜதுரை மனைவியைப் பார்த்தார்.

"உன் குரல். நீ ஸ்டேட்டஸ்ல வச்சதுதானே?"

"ஒரு நாள்ல... தானா போயிடும்னு..." அனுசுயா மகள் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ தாங்க மாட்ட." பிரவீணா இப்போதுதான் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். "உன் ஸ்டேட்டஸ்ல இருந்து யாரோ எடுத்து கிளாஸ் குரூப்ல போட்டுட்டாங்க. யாரு சிரிக்கிறதுன்னு கேட்டாங்க. எங்க அத்தைன்னு சொல்லிட்டேன். அம்மான்னு சொல்ல வாய் வரல."

அனுசுயா அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். போன் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. கான்வென்ட் இங்கிலீஷ் எதுவும் ஞாபகம் வரவில்லை. தமிழிலேயே, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, கிளாஸ் குரூப்பில் எழுதினாள்.

"நான் பிரவீணாவோட அம்மா. அதுல சிரிக்கிறது நான்தான். நாளைக்கு அவ பேச வரணும். தயவுசெஞ்சு எல்லாரும் அதை அழிச்சிடுங்கப்பா."

யாரோ டைப் செய்வதாகக் காட்டியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.